பழைய ஸ்போர்ட்ஸ் காரும் புதிய றேடியேற்றரும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்பவர் பெருஞ் செல்வந்தராகத்தான் இருக்கவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் அவ்வாறன்று. தந்தையார் வாங்கிய வண்டியை விற்க மனம் வராத மகன், ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டே இளமைக்கால ஆசையைப் பேணும் பெரியவர், எங்கோ ஒரு கொட்டகையில் துருவேறிக் கிடந்ததைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சிறுகச் சிறுகச் சீர்செய்யும் இளைஞர் ஆகியோரே இவ்வண்டிகளைப் பெரிதும் காப்பாற்றி வருகின்றனர். இவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் வந்துசேரும் கவலை ஒன்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

காரின் முன்புறத்தில் நின்று இயந்திரத்தின் சூட்டைத் தணிப்பது றேடியேற்றர். அது பழுதுபட்டுவிடுகிறது. புதியது வாங்கலாம் என்றால், வண்டியைச் செய்த தொழிற்சாலையே இன்று இல்லை. எம்.ஜி. கார்கள் பிறந்த இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலை 1980 ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது. அப்படியாயின், நமது கைக்கெட்டும் விலையில் மாற்று றேடியேற்றரை எங்கே தேடுவது? இதுவே கேள்வி.

இக்கேள்வியை நாற்காலியில் அமர்ந்து ஆராய்வதைவிட, ஒரு தெருவில் வைத்து ஆராய்வது நன்று. புத்தளம் நகரிலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு வழியாக எலுவன்குளத்துக்குச் செல்லும் தெருவை நேயர்களுட் பலர் அறிந்திருப்பீர்கள். ஒருபுறம் புத்தளக் கடனீரேரியும் உப்பளங்களும். மற்றொருபுறம் வரண்ட காடு. முடிவில் கலா ஓயா. அதற்கப்பால் 1938 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட வில்பத்துக் காடு. றேடியேற்றருக்குப் பகையானவை அனைத்தும் ஒருங்கே கூடியிருக்கும் இடம் இது. கடும் வெயில் உண்டு. உவர்க்காற்று உண்டு. சுண்ணாம்பு கரைந்த கிணற்றுநீர் உண்டு. மழைக்காலத்தில் ஆறு பெருகித் தெருவின் மேல் பாய்வதும் உண்டு. இத்தெருவில் தாக்குப்பிடிக்கும் றேடியேற்றர் இலங்கையின் வேறெந்தத் தெருவிலும் தாக்குப்பிடிக்கும் என்று துணிந்து கூறலாம்.

முதலில் அதன் தொழிலைச் சிறிது விளங்கிக்கொள்வோம். பெற்றோல் எரிவதனால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இயந்திரச் சுவர்களைச் சுற்றியோடும் நீரில் இறங்குகிறது. சூடேறிய நீர் றேடியேற்றரின் மேற்றொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து மெல்லிய குழாய்கள் பலவற்றின் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. அக்குழாய்களோடு ஒட்டியிருக்கும் தகட்டிதழ்கள் நீரின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன. தொட்டிகள் பித்தளை, குழாய்களும் பெரும்பாலும் பித்தளை, இதழ்கள் செம்பு, எல்லாவற்றையும் இணைத்து வைத்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. பழைய பிரித்தானியக் கார்கள் யாவற்றிலும் அமைப்பு ஏறக்குறைய இதுவே. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கேள்விக்கு விடை இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சூட்டுமானியின் முள் சிவப்பை நோக்கி ஏறியதும் பலர் செய்வது யாது? றேடியேற்றர் போய்விட்டது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். ஆனால் வண்டி கொதிப்பதற்குக் காரணங்கள் பல. காற்றாடியின் பட்டி தளர்ந்திருக்கலாம். தேர்மோஸ்ரற் எனப்படும் வெப்பநிலைநிறுத்தி திறவாது ஒட்டிக்கொண்டிருக்கலாம். கீழ்க்குழாயின் றப்பர் நொய்ந்து, வேகமாக ஓடும்போது உள்நோக்கிச் சப்பி நீரோட்டத்தை அடைத்துவிடலாம். தீப்பொறி பிந்தி விழலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சிலிண்டர்த் தலையின் கீழுள்ள கஸ்கற் வெடித்து, எரிந்த வாயு நீருக்குள் புகுந்துகொண்டிருக்கலாம். இவற்றுள் ஒன்று காரணமாயின், தங்கத்தால் செய்த றேடியேற்றரைப் பூட்டினாலும் வண்டி கொதிக்கத்தான் செய்யும்.

இதைச் சோதிக்க எளிய வழிகள் சில உண்டு. வண்டி நன்கு ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, இயந்திரத்தை இயக்கிப் பாருங்கள். நீரில் இடைவிடாது குமிழிகள் எழுந்தால் குற்றம் பெரும்பாலும் கஸ்கற்றில் இருக்கிறது. அடுத்து, மூடியை இட்டு வண்டியைச் சூடேறவிட்டு, இயந்திரத்தை நிறுத்திய பின், றேடியேற்றரின் முகப்பில் புறங்கையை அணித்தாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். ஓரிடம் சுடுகிறது, மற்றோரிடம் குளிர்ந்திருக்கிறது என்றால், குளிர்ந்த இடத்துக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. அப்பொழுதுதான் றேடியேற்றர் குற்றவாளி என்று கொள்ளவேண்டும்.

குற்றம் உறுதியாகிவிட்டது என்று கொள்வோம். இப்போது நம்முன் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, புதிய றேடியேற்றரை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. பிரித்தானியாவில் பழைய கார்களுக்கான பாகங்களைப் புதிதாகச் செய்து விற்போர் இன்றும் இருக்கின்றனர். பொருள் நல்ல பொருளாகவும் இருக்கக்கூடும். ஆனால் அதன் பட்டியல் விலையை மட்டும் பார்த்து மயங்குதல் கூடாது. பாரமான பொருளுக்குக் கட்டணம், சுங்கத் தீர்வை, நாணய மாற்று ஆகிய யாவற்றையும் சேர்த்துக் கூட்டவேண்டும். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்ற பழமொழி இவ்விடத்துக்கென்றே பிறந்தது போலும். 2022 ஆம் ஆண்டில் ஒரு சில வாரங்களுக்குள் டொலர் ஒன்றின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஓராண்டாகச் சேமித்த பணம் ஒரு மாதத்தில் போதாமற்போன அனுபவம் பலருக்கு உண்டு.

இரண்டாவது, பழைய பாகக் கடைகளில் தேடுவது. கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையை அறியாத வண்டிக்காரர் இல்லை. அங்கே ஸ்போர்ட்ஸ் காரின் றேடியேற்றரே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஆயினும் ஓர் உண்மையை அறிந்திருத்தல் பயன்தரும். 1955 ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி.ஏ. காரின் 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், நமது தெருக்களில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்களின் இயந்திரமும், இந்தியாவில் 2014 ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட அம்பாசடர் காருக்குப் பல்லாண்டு பயன்பட்ட இயந்திரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவ்வாறே, சிறிய ஸ்பிறைற், மிட்ஜெற் ஸ்போர்ட்ஸ் கார்களின் ஆரம்பகால இயந்திரம் நாம் நன்கறிந்த மொறிஸ் மைனர் 1000 காரின் இயந்திரத்துக்கு உடன்பிறப்பு. ஆதலின் தேர்மோஸ்ரற், நீர்ப்பம்பி, கஸ்கற் முதலியவற்றைத் தேடும்போது, ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லி விலையை ஏற்றிக்கொள்ளாமல், குடும்பக் காரின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். வாங்குமுன் பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்வது மட்டும் அவசியம்.

றேடியேற்றர் விடயத்தில் இந்த உறவு அவ்வளவாக உதவுவதில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு தாழ்ந்தது. குடும்பக் காரின் உயர்ந்த றேடியேற்றரை அதற்குள் வைத்தால் முன்மூடி பூட்டுப்படாது. ஆகவே பெயரை நம்பாது அளவை நம்பவேண்டும். கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: தொட்டிகள் நீங்கலாக நடுப்பகுதியின் உயரம், அகலம், தடிப்பு, குழாய்கள் எத்தனை வரிசை, நீர் வரும் வாயும் போகும் வாயும் எந்தப் பக்கம், எவ்வளவு விட்டம், பூட்டும் துளைகளுக்கிடையே உள்ள தூரம், காற்றாடிக்கும் றேடியேற்றருக்கும் இடையே உள்ள வெளி, மூடி அமரும் கழுத்தின் ஆழம். இந்தக் கடைசி அளவைப் பலர் விட்டுவிடுகின்றனர். கழுத்தின் ஆழம் முக்கால் அங்குலமா ஓர் அங்குலமா என்று பாராமல் மூடி வாங்கினால், மூடி அமர்ந்தது போலத் தோன்றும். ஆனால் அழுத்தம் நில்லாது.

மூன்றாவது வழி அலுமினிய றேடியேற்றர். பாரம் குறைவு, பார்வைக்கும் அழகு, நன்கு செய்யப்பட்டதாயின் குளிர்விக்கும் ஆற்றலும் நிறைய உண்டு. ஆனால் அதைப் பேணும் முறை வேறு. தூய நீரும் துருத்தடுப்புக் கலந்த குளிர்விப்புத் திரவமும் இடைவிடாது இருக்கவேண்டும். உப்பில் உள்ள குளோரைட்டு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். உப்பளத்துக்கு அருகில் ஓடும் வண்டி, வழியில் நீர் குறைந்தால் அகப்பட்ட கிணற்றில் அள்ளி ஊற்றவேண்டிய வண்டி, அலுமினியத்துக்கு ஏற்ற வண்டியன்று. மேலும், அலுமினியத்தில் ஒரு துளை விழுந்தால் சிற்றூரில் உள்ள பற்றுவேலைக்காரர் அதைச் சாதாரணப் பற்றாசினால் அடைத்துத் தர இயலாது.

இனி நான்காவது வழி. என் கருத்தில் நம்மவர்க்குப் பெரும்பாலும் பொருத்தமானது இதுவே. பழைய றேடியேற்றரை எறிந்துவிடாமல், அதன் மேற்றொட்டியையும் கீழ்த்தொட்டியையும் பக்கச் சட்டங்களையும் வைத்துக்கொண்டு, நடுப்பகுதியை மட்டும் புதிதாக மாற்றுவது. சற்றுமுன் சொன்ன அமைப்பை நினைத்துப் பாருங்கள். காரைப் பொறுத்து வேறுபடுவன தொட்டிகளும் சட்டங்களுமே. வாய்கள் இருக்கும் பக்கம், துளைகள், கழுத்து எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. அவை தடித்த பித்தளை, எளிதில் அழிவதில்லை. அழிவது நடுப்பகுதி. அதுவோ வெறும் குழாய்களும் இதழ்களும். அளவு சொன்னால் வெட்டிப் பொருத்தக்கூடியது. எனவே, உலகின் மறுகோடியில் நாம் தேடும் அரிய பொருளின் அரிய பகுதி நம்முடைய வண்டியிலேயே இருக்கிறது. இல்லாதது உள்ளூரில் செய்யக்கூடிய பகுதி மாத்திரமே.

அதற்கும் முன்னே இன்னும் மலிவான படி ஒன்றுண்டு. குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவேயன்றி அரிபடவில்லை என்றால், மேற்றொட்டியை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயினுள்ளும் மெல்லிய நீண்ட தகட்டைச் செலுத்தி உப்பைச் சுரண்டியெடுத்து, மீண்டும் தொட்டியைப் பற்றவைக்கலாம். இதழ்கள் விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் மட்டும் இவ்வேலையில் பணத்தைச் செலவிட வேண்டாம். நடுப்பகுதி மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது.

வேலை கொடுக்கும்போது கவனிக்கவேண்டியவை சில. இரண்டு வரிசைக் குழாய் இருந்த இடத்தில் நான்கு வரிசை போட்டால் இரட்டிப்புக் குளிர்ச்சி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். முன்வரிசைகளில் பட்டுச் சூடேறிய காற்றே பின்வரிசைகளுக்குக் கிடைக்கிறது; தடிப்பு மிகுந்தால் காற்றோட்டமும் தடைப்படும்; காற்றாடி உரசவும் கூடும். ஒரு வரிசை கூட்டுவதற்கும் இடத்தை அளந்த பின்பே சம்மதியுங்கள். வேலை முடிந்ததும், வாய்களை அடைத்துக் காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காட்டுமாறு கேளுங்கள். குமிழி எழாவிட்டால் மாத்திரமே பணத்தை எண்ணிக் கொடுங்கள். காற்றழுத்தம் அவ்வண்டியின் மூடிக்குரிய அளவை அதிகம் தாண்டக்கூடாது.

மூடியைப் பற்றியும் ஒரு சொல். அழுத்தம் ஏறினால் நீரின் கொதிநிலை உயரும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் தாங்கும் மூடி இருந்தால், நீர் 100 பாகை செல்சியசில் கொதிப்பதற்குப் பதிலாக ஏறக்குறைய 111 பாகையிலேயே கொதிக்கும். இதை அறிந்த சிலர், 7 இறாத்தல் மூடிக்குப் பதிலாக 15 இறாத்தல் மூடியை இட்டு, நோய் தீர்ந்தது என்று மகிழ்கின்றனர். நோய் தீரவில்லை; மறைந்திருக்கிறது. அறுபது ஆண்டு பழைமையான பற்றாசு அந்த அழுத்தத்தைத் தாங்காது ஓரிடத்தில் பிளந்துவிடும். 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. போன்ற வண்டிகளிலோ, நீர் அழுத்தமின்றியே ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. வண்டிக்கு விதித்த மூடியே வண்டிக்கு உரிய மூடி.

புதிய நடுப்பகுதி போட்டாயிற்று. இனி அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை நிருணயிப்பது நாம் ஊற்றும் நீர். எலுவன்குளத்துக்குச் செல்லும் வழியிலுள்ள அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் அகழப்பட்டுப் புத்தளத்துச் சிமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்வதை அறிவீர்கள். நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கும் ஊரில் கிணற்றுநீர் வன்னீராகத்தானே இருக்கும்? அந்நீரைச் சூடேற்றினால், கேத்திலின் அடியில் படிவதுபோல வெண்மையான படிவு குழாய்ச் சுவரில் படிகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் அப்படிவு செம்பின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்தது. ஆகவே காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். அது கிடையாதபோது மழைநீரைச் சேர்த்து வையுங்கள். கடலோரத்தில் கூரையில் உப்பு படிந்திருக்கும் ஆதலால், முதல் மழையைக் கழியவிட்டு, கூரை நன்கு கழுவப்பட்ட பின் விழும் நீரையே ஏந்தவேண்டும். அதனோடு துருத்தடுப்புக் கலவையைச் சேர்த்துக்கொள்வது செம்புக்கும் நல்லது; இரும்பாலான இயந்திரத்துக்கும் நல்லது.

இன்னொன்று: புதிய றேடியேற்றரைப் பூட்டுமுன் இயந்திரத்தின் உள்ளே தங்கியிருக்கும் சேற்றையும் துருவையும் பலமுறை நீர் பாய்ச்சிக் கழுவிவிட வேண்டும். இல்லாவிடின் அந்தச் சேறு முழுவதும் புதிய குழாய்களில் வந்து இறங்கிவிடும். பழைய றப்பர்க் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம்.

கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்தை நினைவூட்டாமல் இப்பேச்சை முடிக்க இயலாது. மழைக்காலத்தில் அதன் மேல் நீர் புரளும். ஜீப் போகிறதே, லொறி போகிறதே என்று தாழ்ந்த காரை அதில் இறக்குதல் தகாது. உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, சுழலும் காற்றாடி நீரில் அமிழ்ந்தால் அதன் இலைகள் முன்னோக்கி வளைந்து றேடியேற்றரின் முதுகைக் கிழித்துவிடுவதுண்டு. பல நாள் தேடிச் செய்த பொருள் ஒரு நொடியில் அழிந்துவிடும்.

வழியில் வண்டி கொதித்துவிட்டால், நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாயிருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். பீறிடும் நீராவி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்நீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும். சிறிய ஒழுக்கு என்றால் மஞ்சள் தூளைப் போட்டு வீடு வந்துசேர்வது நம்மவரின் பழைய உபாயம். ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் மறுநாளே அதைக் கழுவி நீக்காவிட்டால், ஒழுக்கை அடைத்த மஞ்சளே குழாயையும் அடைத்துவிடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். முள் சிவப்பில் நிற்க, இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டுபவர், றேடியேற்றர் வேலையை இயந்திர வேலையாக மாற்றிக்கொள்கிறார். சிலிண்டர்த் தலை கோணிவிட்டால், அதன் செலவைத் தாங்கமாட்டாமல் வண்டியையே விற்றுவிட நேரிடும்.

நேயர்களே, இதில் ஒரு காரின் நலத்தைவிடப் பெரிய விடயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. 1990 ஆம் ஆண்டிற்குப் பின் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வராத காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் நம்முடைய கராஜ் தொழிலாளர்கள். அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்துவந்த சாள்ஸ் வெயார் என்பவர், அக்காரின் பாகங்களைச் செய்விப்பதற்கு நமது இலங்கையை நாடி வந்தார். கைத்திறன் நம்மிடம் இருந்தது. இன்று புதிய கார்கள் எல்லாம் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த றேடியேற்றரோடு வருகின்றன. அவை பழுதானால் கழற்றி எறிவதே வழக்கம். அதனால் செம்பையும் பித்தளையையும் பற்றவைக்கத் தெரிந்த கைகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. அக்கைகள் முற்றாக ஓய்ந்துவிட்டால், இன்று சில நாள் வேலையாக இருப்பது நாளை எத்தனை பணம் கொடுத்தாலும் ஆகாத வேலையாகிவிடும்.

ஆகையால், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறைந்த செலவில் றேடியேற்றர் தேடும் அன்பர்களுக்கு நான் கூறக்கூடியது இதுதான்: கப்பலில் வரும் பெட்டியைத் தேடுமுன் உங்கள் ஊரிலுள்ள பற்றுவேலைக்காரரைத் தேடுங்கள். பழைய தொட்டிகளைப் பத்திரமாக அவர் கையிற் கொடுங்கள். இயலுமாயின், இளைஞர் ஒருவரையும் அழைத்துச் சென்று, அவ்வேலையை அருகிலிருந்து பார்க்கச் செய்யுங்கள்.